காதில் விழாத தீட்டு

அந்தப் பரீட்சைக்காகப் படித்ததில் பாதிக்கு மேல் மறந்துவிட்டேன். கோயில் கட்டடக் கலை மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது. இன்றைக்கும் யாராவது கேட்டால் உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடித்தளத்தின் வரிசையைக் கீழிருந்து மேலாகத் தடங்கல் இல்லாமல் சொல்வேன். மறக்க எத்தனையோ முறை முயற்சி செய்து பார்த்தவன் நான்.

அப்போது தர்மபுரி சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். பேர்தான் மாஸ்டர், வேலை தற்காலிகம். யுத்தம் ஆரம்பித்திருந்தது. சிக்கனம் என்று உத்தரவு வந்தால் முதல் கத்தி டிராயிங் மேல்தான் விழும் என்று ஹெட்மாஸ்டர் வாரத்துக்கு ஒரு முறை என்னைக் கூப்பிட்டுச் சொல்வார். நல்ல மனிதர்தான், ஆனால் கெட்ட செய்தி சொல்வதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது. அந்தச் சமயத்தில்தான் பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் சர்க்கார் இலாகா ஒன்றில் உதவியாளர் வேலைக்குப் பரீட்சை வைக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். எனக்கு இருபத்தைந்து முடிய நாலே மாதம் இருந்தது. இதை விட்டால் இன்னொரு பரீட்சை எனக்குக் கிடையாது.

பரீட்சையில் இரண்டு பங்கு. சேலத்தில் உட்கார்ந்து எழுதும் பேப்பர் ஒன்று. அதோடு, சொந்த ஊர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றைத் தானே அளந்து ஆறு ஷீட் வரைந்து, ஒவ்வொன்றிலும் தேதி போட்டுக் கையெழுத்திட்டு, அன்றைக்கே அங்கே கொடுக்க வேண்டும். கோடு போடுவது எனக்குப் பயமில்லை. கோயிலைப் பற்றி எழுதுவதுதான் பயம். சின்ன வயதிலிருந்து கோயிலுக்குப் போகிறவன் என்றாலும், சாமி கும்பிடப் போகிறவன் எவன் சுவரைப் பார்க்கிறான்?

சேலத்தில் ஒரு வக்கீலிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கி வந்து, முக்கியமான இடங்களை நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். நாகரம், திராவிடம், வேசரம் என்று கோயில் மூன்று வகை. நாகரம் சதுரம், திராவிடம் எட்டுப்பட்டை, வேசரம் வட்டம் என்று ஒரு பக்கத்தில் இருக்கும். இருபது பக்கம் தள்ளிப் போனால் நாகரம் வடக்கே, திராவிடம் தெற்கே, வேசரம் நடுவிலே என்று வேறு கதை. எதை எழுதினால் மார்க்கு போடுவான் என்று மட்டும் புத்தகத்தில் இல்லை. கோபத்தில் நோட்டைச் சுவரில் விட்டெறிவேன். என் மனைவி எடுத்துத் தட்டி மறுபடி கையில் கொடுப்பாள்.

அவள் ஐந்தாவது வரை படித்தவள். நோட்டை வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்பது அவள் வேலை. விமானத்துக்கு ஆறு அங்கம்: அதிஷ்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி. மனித உடம்பில் பாதம், கால், தோள், கழுத்து, தலை, உச்சிக் குடுமி என்று வைத்துக்கொள்ளலாம் என்று புத்தகத்தில் இருந்தது. அவள் தன் காலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி எனக்கு முன்னால் மனப்பாடம் செய்துவிட்டாள்.

“அப்ப நானே ஒரு கோயிலுன்னு சொல்லுங்க” என்றாள்.

“பிரஸ்தரத்துக்குக் கீழ இவ்ளோ தள்ளிக்கிட்டு நிக்கிற கோயில எந்தப் புஸ்தகத்துலயும் போடல” என்றேன்.

அந்தத் தடவை நோட்டை விட்டெறிந்தது அவள். எட்டு மாதம் அப்போது. சில நாள் கழித்து அவளுடைய அண்ணன் வந்து முதல் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் அவர்கள் ஊர். நான் பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு, அளப்பதற்காகத் தர்மபுரிக் கோட்டைக் கோயிலுக்கு வேலைக்குப் போகிறவன் மாதிரி போக ஆரம்பித்தேன்.

கோயில் குருக்கள் கறாரானவர். அர்த்தமண்டபம் வரைக்கும் உள்ளே விட்டு அளக்கவிட அவர் சில கண்டிஷன்கள் வைத்தார். குளித்து ஈர வேட்டியோடு வர வேண்டும். அளக்கிற டேப்பின் தோல் உறையை வெளியே கழற்றி வைத்துவிட்டு, டேப்பை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். மூன்றாவது, வீட்டில் தீட்டு எதுவும் இருக்கக் கூடாது. இதைத் தினம் காலையில் நடை திறந்ததும் கேட்பார்.

“வாத்யாரே, வீட்டுல தீட்டு ஒண்ணும் இல்லையே?”

“இல்லீங்க சாமி.”

இது ஒரு பூஜை மாதிரியே ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் உள்ளே கால் வைப்பேன்.

அந்த முதல் எட்டு நாளைப் போலச் சந்தோஷமாக நான் என்றைக்கும் வேலை செய்ததில்லை. அம்மன் சந்நிதியின் அடித்தளத்தில் சாண் உயரத்தில் ராமாயணம் முழுக்கச் செதுக்கியிருக்கிறது. அதைத் தாண்டித் தாண்டி எத்தனை வருஷம் உள்ளே போயிருக்கிறேன், ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை. குமுதம் என்று நோட்டில் எழுதியிருந்ததைக் கையால் தடவிப் பார்த்தபோதுதான் அது என்னவென்று புரிந்தது. நான் டேப்பும் தூக்குக் குண்டுமாகத் தரையில் தவழ்வதைப் பார்த்துவிட்டு, சாமி கும்பிட வந்த பெண்கள் “கும்பாபிசேகம் எப்பங்க சார்?” என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். இரண்டே நாளில், தை மாதம் கும்பாபிஷேகம், சர்க்கார் ஆள் வந்து அளக்கிறார் என்று கடைவீதியெல்லாம் பேச்சு. நான் மறுக்கவும் இல்லை.

ஒன்பதாம் நாள் நல்லம்பள்ளியிலிருந்து ஒரு கார்டு வந்தது, படித்ததும் கிழித்துப் போட வேண்டிய கார்டு. எங்கள் பங்காளி ஒருவர் இறந்துவிட்டார். வாழ்நாளில் நான் அவரைப் பார்த்தது மூன்று முறை இருக்கும். மூன்று முறையும் அவர் என் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். ஆனாலும் பங்காளி பங்காளிதான், பதினாறு நாள் தீட்டு. கார்டைக் கிழித்தேன், தலை முழுகினேன், கோயில் வாசலில் நின்று குருக்களைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் உச்சுக் கொட்டினார். “என்ன பண்றது, காதுல விழுந்துடுத்தே. விழாம இருந்திருந்தா உமக்கும் ஒண்ணுமில்ல, எனக்கும் ஒண்ணுமில்ல. கேட்டாத்தானே தீட்டு.”

சொல்லாமலே உள்ளே போயிருக்கலாமே என்று பிற்காலத்தில் என் பையன்கள் கேட்டிருக்கிறார்கள். போயிருக்கலாம்தான். அது எனக்குத் தோன்றவே இல்லை. தெரிந்துகொண்டு பொய் சொல்லி உள்ளே போவது பாவம், தெரியாமல் போவதில் ஒன்றும் இல்லை என்று நான் நம்பினேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். வெளியூரில் சாவு என்றால், கல்யாணம் நடக்கிற வீட்டுக்கு முகூர்த்தம் முடிகிற வரைக்கும் சொல்லியனுப்பமாட்டார்கள். காதில் விழாத வரைக்கும் அது நடக்காததற்குச் சமம்.

பதினாறு நாளும் வீட்டில் உட்கார்ந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை ஷீட் பாக்கி. கருமாதி முடிந்தால் பரீட்சைக்குச் சரியாக இருபது நாள் இருக்கும். வேகமாகச் செய்தால் முடித்துவிடலாம். ஆனால் அந்த இருபது நாளுக்குள் அவளுக்குப் பிரசவம் ஆகும். பிள்ளை பிறந்தாலும் எங்களில் அப்பனுக்குப் பதினாறு நாள் தீட்டு. குருக்கள் சொன்ன வார்த்தை காதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த யோசனைக்காக அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நல்லம்பள்ளியில் கருமாதிக்கு என் மனைவியின் அண்ணனும் வந்திருந்தார். பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனேன்.

“மச்சான், ஒரு ஒத்தாச பண்ணோணும்.”

“சொல்லுங்க மாப்ளே.”

“கொழந்த பொறந்தா எனக்குச் சொல்லியனுப்ப வேணாம்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். குடித்துக் கிடித்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டிருப்பார். “என்னாங்க மாப்ளே, இப்பிடிச் சொல்றீங்க?”

காரணத்தைச் சொன்னேன். கோயில், ஆறு ஷீட், வயது எல்லாவற்றையும் விரல் விட்டுச் சொன்னேன்.

“ஆம்பளையா பொம்பளையான்னு மட்டுமாவது...”

“ஒண்ணும் வேணாம். இருவது நாளுதான். பரீட்ச முடிஞ்ச கையோட நேரா உங்க வூட்டுக்கு வந்துர்றேன்.”

“தங்கச்சி என்னா நெனைக்கும்?”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க. அதுக்குப் புரியும்.”

அவர் துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு மெதுவாக, “அப்பிடி ஏதாச்சும் ஒண்ணுன்னா?” என்றார்.

“எதுவா இருந்தாலும் சரி மச்சான். என் காதுல விழக்கூடாது. வாக்குக் குடுங்க.”

என் கையில் அடித்து வாக்குக் கொடுத்தார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர், வாக்குக் கொடுத்தால் மீறத் தெரியாதவர். அதனால்தான் அவரிடம் கேட்டேன்.

மறுநாள் முதல் கோயில். “வாத்யாரே, தீட்டு ஒண்ணும் இல்லையே?” “இல்லீங்க சாமி.” கருமாதி ஆகி மூன்றாம் நாள் காலையில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த நேரத்தில் நான் மண்டபத்துத் தூண் ஒன்றின் சுற்றளவை எடுத்துக்கொண்டிருந்தேன். ஷீட்டில் தேதி போட்டிருந்ததால் இது பிற்பாடு கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்டது. நாலாம் நாளும் குருக்கள் கேட்டார், நானும் இல்லை என்றேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

பிரசவம் ஆகியிருக்குமோ என்று நடுநடுவே தோன்றும். உடனே அந்த நினைப்பை அடக்கிவிடுவேன். ஆகியிருக்கும் என்று மனசு நிச்சயமாக நம்பிவிட்டால் அதுவும் தெரிந்துகொண்டதில் சேர்ந்துவிடுமோ என்று ஒரு பயம். அதனால் பெயர்கூட யோசிக்கவில்லை. குமுதத்தையும் பட்டிகையையும் பற்றியே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பன்னிரண்டாம் நாள் மதியத்துக்கு முன்னால் மச்சான் வந்தார். சந்தை நாள்கூட இல்லை. வாசல் கோபுரத்துக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் காதில் பென்சிலோடு ஓடினேன்.

“உள்ள வாங்க மச்சான், நம்ம வேலையப் பாருங்க.”

“இருக்கட்டுங்க. குளிக்கல.”

கையில் துண்டில் சுற்றிய ஒரு பாட்டில் இருந்தது. தக்கை மட்டும் வெளியே தெரிந்தது. நான் சிரித்துக்கொண்டே, “என்னா மச்சான், தீர்த்தமெல்லாம் கையிலயே வச்சிருக்கீங்க?” என்று கேட்டேன். அவர் பாட்டிலை இன்னும் இறுக்கிச் சுற்றினார்.

“மாட்டுக்கு மருந்துங்க” என்றார்.

“மாட்டுக்கு ஆஸ்பத்திரி மருந்தா? உங்க ஊரு மாடெல்லாம் தொர மாடு ஆயிப்போச்சு போல.”

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அன்றைக்கு வேலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. எட்டுப்பட்டைக் குமுதத்தின் வெட்டுத்தோற்றம் ஒரு வழியாகக் கைக்கு வந்திருந்தது. அந்த மிதப்பில் நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அவருக்கு நாலு நாள் தாடி. கண் சிவந்து கிடந்தது. மாட்டுக்கு மருந்து வாங்க யாராவது மலையடிவாரத்திலிருந்து தர்மபுரிக்கு வருவார்களா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

“மாப்ளே, வேல எப்ப முடியும்?”

“இன்னும் ரெண்டு ஷீட்டு. ஒரு வாரம் இழுக்கும்.”

“நடுவுல ஒரு நாளு வந்துட்டுப் போவ முடியாதுங்களா? சும்மா. தங்கச்சியப் பாத்துட்டு, அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிரலாம்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை சொல்லியும் புரியவில்லையே என்று. “மச்சான், வாக்குக் குடுத்தீங்க இல்ல?” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “ஆமாங்க” என்றார்.

நான் உள்ளே போய்க் குருக்களிடம் விபூதி வாங்கி வந்து நீட்டினேன். குளிக்கவில்லை என்று மறுபடியும் சொல்லி, வாங்காமல் கும்பிட்டுவிட்டு நடந்தார். பத்தடி போனதும் நின்று திரும்பினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லிவிடுவாரோ என்று பயந்து நானே “போயிட்டு வாங்க மச்சான்” என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் வாயைத் திறக்க விடாமல் அடைத்தவன் நான்தான். எத்தனை வருஷம் ஆனாலும் இந்த இடத்தைத் தாண்டி என்னால் எளிதில் போக முடிவதில்லை.

ஆறு ஷீட்டும் பரீட்சைக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள் முடிந்தன. குருக்கள் ஒவ்வொன்றையும் எட்ட நின்று பார்த்துவிட்டு, “பேஷ், கோயிலாட்டமே இருக்கு” என்றார். அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

சேலத்தில் பேப்பர் சுலபமாகவே இருந்தது. வேசரத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். இரண்டு கதையையும் எழுதிவைத்தேன். உங்கள் பகுதிக் கோயில் ஒன்றை நேரில் பார்த்தபடி விவரிக்கவும் என்று ஒரு கேள்வி. கை வலிக்க வலிக்க எழுதினேன். ஷீட்டுகளை வாங்கிக்கொண்ட அதிகாரி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நிறைய நாள் கோயிலிலேயே இருந்திருக்கிறீர் போலிருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னார். நான் பெருமையாக ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் அரூர் பஸ் பிடித்தேன். மஞ்சவாடிக் கணவாயில் பஸ் மூச்சு வாங்கி நின்றபோது எல்லோரும் இறங்கி நடந்தோம். அப்போதுதான் இருபது நாள் அடக்கி வைத்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். பையனா பெண்ணா, யார் ஜாடை, என்ன பெயர் வைப்பது என்று நினைத்துக்கொண்டே மேடு ஏறினேன். பெண் என்றால் ஒரு பெயர், பையன் என்றால் ஒரு பெயர் என்று முடிவும் செய்துவிட்டேன். பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கி, குழந்தை பிறந்த வீட்டுக்கு அப்பன் வெறுங்கையோடு போகக்கூடாதே என்று கடை கடையாக ஏறி இறங்கிக் கொஞ்சம் கற்கண்டு வாங்கினேன். அந்தக் காலத்தில் அது கிடைத்ததே பெரிது.

வீட்டு வாசலை மிதித்ததும் மல்லிகைப் பூ வாசனை. ஒரு பந்து இரண்டு பந்து இல்லை, வீடு நிறைய. என் மாமியார் கூடத்தில் உட்கார்ந்து உதிரிப் பூவை முறத்தில் கொட்டி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“என்னா அத்த, வூடே மணக்குது. புள்ள பெத்தவளுக்கு இத்தினி பூவா?” என்றேன். கற்கண்டுப் பொட்டலத்தை நீட்டினேன்.

அவர் பொட்டலத்தை வாங்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மச்சான் கொல்லைப் பக்கமிருந்து வந்தார். என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பூவிலிருந்தே ஆரம்பித்தார்.

“தங்கச்சிக்குப் பாலு கட்டிக்கிட்டு நோவுதுங்க மாப்ளே. மாருல மல்லிப்பூ வெச்சுக் கட்டுனா வத்திப்போவும்னு அம்மா கட்டி விடுது.”

எனக்கு அந்த வைத்தியமெல்லாம் தெரியாது. “ஏன், கொழந்த குடிக்கலீங்களா?” என்று கேட்டேன்.

இந்தக் கேள்வியைத்தான் கேட்டேன். அவர் என் கையை விடாமலே அழுதார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பெண் குழந்தை. பதினோரு நாள் இருந்தது. ஆறாம் நாளிலிருந்து காய்ச்சல், பால் குடிக்காமல் வாந்தி. ஊர் வைத்தியம் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து விவரம் சொல்லி மருந்து வாங்கியிருக்கிறார். டாக்டர் குழந்தையைத் தூக்கி வரச் சொன்னாராம். தூக்கி வருவதென்றால் அப்பனுக்குச் சொல்லாமல் எப்படி என்றுதான் கோயிலுக்கு வந்து நின்றிருக்கிறார்.

“நீங்க வாக்கு நெனப்பு வெச்சுப் பேசுனீங்க. எனக்கு வாய் வரலீங்க மாப்ளே. மருந்துலயே கேட்டுரும்னு நெனச்சேன்.”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தேடினேன். அவர் மேல் கோபப்பட முடியாது, நான் கேட்டதைத்தான் செய்தார். குருக்கள் மேல் கோபப்பட முடியாது, அவர் சாஸ்திரத்தில் இருப்பதைத்தான் சொன்னார். பரீட்சை வைத்தவனுக்கு நான் யாரென்றே தெரியாது. அந்த வீட்டில் என்னைத் தவிர யார் மேலும் குற்றம் இல்லை. என்னைத் திட்டவும் அங்கே ஒருவரும் இல்லை. நாலு வார்த்தை யாராவது திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

என் மாமனார் உள்ளேயிருந்து வந்து விஷயம் சொல்லியாகிவிட்டதா என்று மகனைக் கேட்டார். ஆகிவிட்டது என்றதும் விரல்களில் கணக்குப் போட்டார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. செய்ய வேண்டியதைச் சொல்வது ஒன்றுதான் அவரால் முடிந்தது.

“பெறப்புத் தீட்டு பதினாறு நாளும் முடிஞ்சிருச்சுங்க மாப்ளே. கொழந்த பல்லு மொளைக்காதது. அதுக்குத் தனியா ஒண்ணும் இல்ல. கேட்டதுக்குத் தல முழுகிருங்க, அது போதும்.”

கிணற்றடிக்குப் போனேன். மச்சான் தண்ணீர் இறைத்து ஊற்றினார். நல்லம்பள்ளிப் பங்காளிக்குப் பதினாறு நாள் உட்கார்ந்திருந்தவன், என் மகளுக்கு இரண்டு குடம் தண்ணீரில் எழுந்துவிட்டேன். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன். வரப்போரம் என்றார். அடையாளம் வைப்பதில்லை, அப்பன் போய்ப் பார்க்கிற வழக்கமும் இல்லை என்றார். சரி என்றேன். அதற்கும் மீறி எதையாவது கேட்க எனக்கு என்ன பாத்தியதை இருந்தது?

பரீட்சையில் தேறினேன். வேலையும் கிடைத்தது. தோற்றிருந்தால் பரீட்சையையாவது வாழ்நாளெல்லாம் திட்டிக்கொண்டிருக்கலாம், அதற்கும் வழியில்லாமல் போயிற்று. அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். அப்புறம் இரண்டு பையன்கள் பிறந்தார்கள், படித்தார்கள். வேலை விஷயமாகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கினேன். எந்த ஊர்க் குருக்களும் என்னிடம் தீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. சர்க்கார் ஆளைக் கேட்கமாட்டார்கள்.

அன்றைக்குக் கிணற்றடியிலிருந்து தலை துவட்டிக்கொண்டு அவள் இருந்த அறைக்குள் போனேன். சின்ன ஜன்னல் ஒன்றுதான். பாயில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மார்பை இறுக்கிக் கட்டியிருந்ததால் மூச்சை அளந்து அளந்து விட்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்றேன். எட்ட உட்கார்ந்தேன்.

“எனக்குத் தெரியாது” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

“தெரியக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களாம். அண்ணன் சொன்னாரு” என்றாள். குரலில் கோபம் இல்லை. ஒரு தகவலைச் சரிபார்த்துக்கொள்கிறவள் மாதிரி சொன்னாள். அப்புறம், “பரீட்ச நல்லா எழுதுனீங்களா?” என்று கேட்டாள்.

எழுதினேன் என்றேன்.

வெளியே மாமியார் பூ முறத்தை நகர்த்துவது கேட்டது. கேட்கலாமா கூடாதா என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கடைசியில் கேட்டேன்.

“எப்பிடி இருந்துச்சு?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் மடிக்கு மேலே தூக்கி, உள்ளங்கைகளை எதிரும் புதிருமாக வைத்து, ஒரு முழம் இடைவெளி விட்டுக் காட்டினாள். கொஞ்சம் யோசித்து வலது கையை விரலளவு உள்ளே நகர்த்தினாள். சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

“இவ்ளோதாங்க இருந்துச்சு” என்றாள்.

கையை அவள் கீழே போடவில்லை. நான் பார்த்து முடிக்கட்டும் என்று அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.